அணியை விற்று ஒளிபரப்பை வைத்துக்கொண்டவர்கள்

டிஸ்னி, ஃபாக்ஸ், டைம் வார்னர் போன்ற பெரும் பொழுதுபோக்கு நிறுவனங்கள் தொழில்முறை விளையாட்டு அணிகளை அவ்வளவு ஆர்வத்தோடு வாங்கிவிட்டுச் சில ஆண்டுகளிலேயே ஏன் கைமாற்றின என்றும், அணிகளின் மதிப்பு ஏறிக்கொண்டே போன காலத்தில் இவர்கள் மட்டும் ஏன் நிலைக்கவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொன்னால், இந்த நிறுவனங்களுக்குத் தேவைப்பட்டது ஆண்டுதோறும் தவறாமல் வந்து சேரும் ஒளிபரப்பு நேரம். அணியை வாங்கினால் அது கைக்கு வரும் என்று வாங்கினார்கள். அணி இல்லாமலே ஒப்பந்தத்தின் வழியாக அதைப் பெற முடியும் என்றானதும் விற்றார்கள். இதோடு, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனத்தின் கணக்குப் புத்தகம் ஒரு விளையாட்டு அணியைத் தாங்கும் வகையில் அமைந்ததே இல்லை என்ற இரண்டாவது காரணமும் உண்டு. இந்த இரண்டாவது காரணத்தைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை; என் பார்வையில் அதுதான் முக்கியமானது. ஆனால் அதற்கு முன் சில கதைகளைப் பார்த்துவிட வேண்டும்.

முதல் பெரிய உதாரணம் சிபிஎஸ். அமெரிக்காவின் அந்தத் தொலைக்காட்சி நிறுவனம் 1964-ல் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் 80 சதவீதப் பங்கை 1 கோடியே 12 லட்சம் டாலருக்கு வாங்கியது; மீதிப் பங்கும் பிறகு அதனிடமே வந்தது. பல தொழில்களை ஒரே குடையின் கீழ் கொண்டுவருவது அன்றைய அமெரிக்கப் பெருநிறுவனங்களின் வழக்கம். யாங்கீஸும் அப்படிச் சேர்க்கப்பட்ட ஒரு தொழில், அவ்வளவுதான். வாங்கிய நேரம் பொருத்தமாக அமையவில்லை. நட்சத்திர வீரர்கள் மூப்படைந்துவிட்டிருந்தார்கள். 1965-ல் ஆறாம் இடம், 1966-ல் கடைசி இடம். அந்த 1966-ம் ஆண்டு செப்டம்பர் 22 அன்று, 60,000-க்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய யாங்கி ஸ்டேடியத்தில் நுழைவுச்சீட்டு வாங்கி வந்திருந்தவர்கள் 413 பேர். வர்ணனை செய்துகொண்டிருந்த ரெட் பார்பர், ஆளில்லாத இருக்கைகளைக் கேமராவில் காட்டும்படி கேட்டார். அன்றைய செய்தி ஆட்டத்தில் இல்லை, அந்தக் காலி இருக்கைகளில்தான் இருக்கிறது என்பது அவருடைய கணிப்பு. காட்ட மறுத்துவிட்டார்கள். பார்பர் அதை வாயால் சொல்லிவிட்டார். சில நாட்களிலேயே அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று தெரிவிக்கப்பட்டது. உள்ளதை உள்ளபடி சொல்லும் வர்ணனையாளருக்கும், அணியைத் தன் பெயருக்குப் பெருமை சேர்க்கும் சொத்தாகப் பார்க்கும் உரிமையாளருக்கும் இடையே வரக்கூடிய முரண்பாடு முழுவதும் அந்த ஒரு பிற்பகலில் அடங்கியிருக்கிறது. 1973-ல் சிபிஎஸ் அணியை ஜார்ஜ் ஸ்டெயின்பிரன்னர் தலைமையிலான குழுவுக்கு 1 கோடி டாலருக்கு, அதாவது வாங்கிய விலைக்கும் குறைவாக, விற்றது. இன்று அந்த அணியின் மதிப்பு 800 கோடி டாலருக்கும் மேல் என்று கணிக்கப்படுகிறது.

சிபிஎஸ் யாங்கீஸைத் தன் ஒளிபரப்போடு இணைத்து எதையும் செய்யவில்லை. அந்த இணைப்பின் வலிமையை உணர்ந்து காட்டியவர் டெட் டர்னர். அட்லாண்டாவில் அவர் நடத்திய சிறிய தொலைக்காட்சி நிலையத்துக்கு நிகழ்ச்சிகள் வாங்கப் போதிய பணம் இல்லை. பேஸ்பால் அணி ஒன்று ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடுகிறது. கதாசிரியர் வேண்டாம், அரங்க அமைப்பு வேண்டாம், மறுநாள் என்ன காட்டுவது என்ற கவலையும் வேண்டாம். அவர் 1976-ல் அட்லாண்டா பிரேவ்ஸ் அணியை வாங்கினார். அதே ஆண்டு டிசம்பரில் அவருடைய நிலையம் செயற்கைக்கோள் வழியாக நாடு முழுவதும் உள்ள கேபிள் இணைப்புகளுக்குச் சென்றது. அடுத்த ஆண்டு ஹாக்ஸ் கூடைப்பந்து அணியும் அவரிடம் வந்தது. தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த ஓர் அணிக்கு, அட்லாண்டாவைக் கண்ணால் கண்டிராத மாநிலங்களில் எல்லாம் ரசிகர்கள் உருவானார்கள். அணி நஷ்டத்தில் இருந்தாலும் அந்த நஷ்டம் நிலையத்துக்கு நிகழ்ச்சிச் செலவாக ஈடானது. பிற்காலத்தில் இத்துறையில் நுழைந்த எல்லா நிறுவனங்களும் டர்னரின் இந்தக் கணக்கைத்தான் பெரிய அளவில் போட்டுப் பார்த்தன. டர்னரோ தன் அணியின் தோல்வி தாளாமல் 1977-ல் ஒரே ஒரு ஆட்டத்துக்குத் தானே மேலாளராகச் சீருடை அணிந்து உட்கார்ந்தவர். அவருக்கு அந்த அணியின் மீது உண்மையான பற்று இருந்தது. அந்தப் பற்றைக் கணக்கின் எந்த வரியிலும் எழுத முடியாது என்பதை அவருக்குப் பின் வந்தவர்கள் கவனிக்கவில்லை.

இனி தென் கலிஃபோர்னியாவுக்கு வருவோம். இந்தப் பொருளின் மிகச் செறிவான பகுதி 1990-களில் அங்கேதான் நடந்தது. டிஸ்னி 1992-ல் சிறுவர் ஐஸ் ஹாக்கி அணி ஒன்றைப் பற்றி ஒரு திரைப்படத்தை வெளியிட்டது. அது ஓடியதும், அதே பெயரில் ஓர் உண்மையான அணியைத் தொடங்க என்ஹெச்எல் லீகிடம் அனுமதி பெற்றது. நுழைவுக் கட்டணம் 5 கோடி டாலர்; அதில் பாதி, அந்தப் பகுதியில் ஏற்கெனவே இயங்கிவந்த லாஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸ் அணிக்கு இழப்பீடாகச் சென்றது. 1993-ல் ஆடத் தொடங்கிய மைட்டி டக்ஸ் ஆஃப் அனஹைம் அணியின் வாத்து முகமூடிச் சின்னம் பொறித்த சட்டைகள் நாடெங்கும் விற்றன. 1996-ல் பேஸ்பால் பக்கம் திரும்பிய டிஸ்னி, பாடகரும் நடிகருமான ஜீன் ஆட்ரியிடமிருந்து கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் அணியின் நான்கில் ஒரு பங்கையும் நிர்வாகப் பொறுப்பையும் பெற்றது; 1998-ல் ஆட்ரி மறைந்த பிறகு அணி முழுவதும் அதன் கைக்கு வந்தது. மைதானத்தைப் புதுப்பித்தபோது எல்லைக்கோட்டுக்கு அப்பால் செயற்கைப் பாறைகளை அடுக்கி நீரருவி விட்டார்கள். கேளிக்கைப் பூங்கா நடத்துபவர்களின் கைவண்ணம் அது என்று பார்த்தவுடனேயே தெரியும்.

ஆனால் டிஸ்னியின் உண்மையான திட்டம் வேறு. 1996-ல் ஏபிசியை வாங்கியதன் மூலம் இஎஸ்பிஎன் விளையாட்டுச் சேனலின் பெரும்பங்கும் அதனிடம் வந்திருந்தது. கையில் உள்ள இரண்டு அணிகளை வைத்துத் தென் கலிஃபோர்னியாவுக்கென்று தனி விளையாட்டுச் சேனல் ஒன்றைத் தொடங்குவது என்பது அதன் நோக்கம். அந்தச் சந்தையில் ஏற்கெனவே ரூபர்ட் முர்டாக்கின் ஃபாக்ஸ் இருந்தது. அது சும்மா இருக்கவில்லை. 1950 முதல் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியை நடத்திவந்த ஓ'மாலி குடும்பத்திடமிருந்து அந்த அணியை 1998-ல் 31 கோடியே 10 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஒரு பேஸ்பால் அணிக்கு அதுவரை யாரும் கொடுத்திராத விலை அது. அணியின் இலாபத்தை வைத்து அந்த விலையை நியாயப்படுத்த முடியாது. போட்டிச் சேனல் ஒன்று முளைக்காமல் தடுப்பதற்குக் கொடுத்த விலை என்று பார்த்தால் புரியும். அதே ஆண்டில் டிஸ்னி தன் சேனல் திட்டத்தைக் கைவிட்டது. அதன் அணிகளின் ஆட்டங்கள் ஃபாக்ஸின் சேனல்களிலேயே தொடர்ந்தன. அந்த நாளிலேயே, என் கணிப்பில், இரு நிறுவனங்களுக்கும் அணி என்பது தேவையற்ற பொருளாகிவிட்டது. ஒன்றுக்குத் திட்டம் தோற்றுவிட்டது, மற்றொன்றுக்கு நோக்கம் நிறைவேறிவிட்டது. அதன்பின் நடந்த விற்பனைகள் எல்லாம் காலதாமதமாக எழுதப்பட்ட முடிவுரைகள்.

நிர்வாகம் எப்படி மாறியது என்பதை ஒரே நிகழ்ச்சியைக் கொண்டு காட்டலாம். 1998-ம் ஆண்டு மே மாதம், ஃபாக்ஸ் பொறுப்பேற்றுச் சில வாரங்களே ஆகியிருந்த நிலையில், டாட்ஜர்ஸின் மிகப் பெரிய நட்சத்திரமான மைக் பியாசா ஃபுளோரிடா மார்லின்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். வீரர்களை மாற்றிக்கொள்ளும் பேச்சை நடத்த வேண்டியவர் அணியின் பொது மேலாளர். அந்தப் பொறுப்பில் நெடுங்காலம் இருந்த ஃபிரெட் கிளேருக்கு, நிறுவனத்தின் தொலைக்காட்சி நிர்வாகிகள் பேசி முடித்த பிறகுதான் விஷயம் சொல்லப்பட்டது. மார்லின்ஸ் உரிமையாளரோடு ஃபுளோரிடாவின் ஒளிபரப்பு தொடர்பாகவும் ஃபாக்ஸுக்குப் பேச வேண்டியவை இருந்தன என்பதால், இந்த மாற்றத்தைப் பேஸ்பால் முடிவாக மட்டும் பார்த்தவர்கள் அன்றும் குறைவு. கிளேர் அடுத்த மாதமே பதவி நீக்கப்பட்டார். பியாசா எட்டு நாட்களில் மார்லின்ஸிலிருந்து நியூயார்க் மெட்ஸுக்கு அனுப்பப்பட்டு, பின்னாளில் அந்த அணியின் தொப்பியோடு புகழரங்கில் இடம்பெற்றார். ஒரு நகரத்துப் பிள்ளைகள் தங்கள் சுவர்களில் ஒட்டிவைத்திருந்த ஒருவரை, ஆட்டத்தைப் பற்றிய கேள்வியே எழாத ஒரு மேசையில் வைத்துக் கைமாற்றியதை எந்த வியாபாரக் காரணத்தாலும் என்னால் நியாயப்படுத்திக்கொள்ள முடியவில்லை.

2002 அக்டோபரில் டிஸ்னியின் ஏஞ்சல்ஸ் அணி தன் வரலாற்றில் முதன்முறையாக அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் பட்டத்தை வென்றது. அடுத்த ஆண்டு மே மாதத்துக்குள் அணி ஆர்ட்டே மொரேனோ என்ற தொழிலதிபருக்குச் சுமார் 18 கோடியே 35 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டுவிட்டது. 2003-ல் மைட்டி டக்ஸ் என்ஹெச்எல் லீகின் பட்டமான ஸ்டான்லி கோப்பையின் இறுதிச் சுற்றில் ஏழாவது ஆட்டம் வரை போராடித் தோற்றது; 2005-ல் அதுவும் 7 கோடியே 50 லட்சம் டாலருக்கு விற்பனையானது. 2007-ல் புதிய உரிமையாளர்களின் கீழ், பெயரில் இருந்த திரைப்பட அடையாளத்தைக் களைந்துவிட்டு, அதே அணி கோப்பையை வென்றது. தோற்றதால் விற்றார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். வென்ற பிறகுதான் விற்றார்கள் என்பதே பதிவு. ஏனென்றால் வெற்றி தோல்வி இந்த முடிவில் இடம்பெறவே இல்லை.

இப்போது கணக்குப் புத்தகத்துக்கு வருகிறேன். ஒரு நிறுவனம் 30 கோடி டாலருக்கு ஓர் அணியை வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வீரர்களின் ஊதியம் உயர்வதால் ஆண்டுக்கு 3 கோடி டாலர் நஷ்டம் வருகிறது. அதே காலத்தில் அணியின் சந்தை மதிப்பு ஆண்டுக்கு 4 கோடி டாலர் ஏறுகிறது. தனிமனிதர் ஒருவர் உரிமையாளராக இருந்தால் இது அவருக்கு இலாபமே. ஏறிய மதிப்பை ஈடுகாட்டிக் கடன் வாங்குவார், காத்திருப்பார், பிள்ளைகளுக்கு விட்டுச்செல்வார். பட்டியலிட்ட நிறுவனத்தின் நிலை வேறு. 3 கோடி நஷ்டம் காலாண்டு முடிவுகளில் உடனுக்குடன் வந்து நிற்கும். ஏறிய 4 கோடியோ விற்கும் நாள் வரை எங்கும் பதிவாகாது, ஏனென்றால் கணக்கியல் விதிப்படி அணி வாங்கிய விலையிலேயே புத்தகத்தில் இருக்கும். பங்குச் சந்தை ஆய்வாளர்கள் நிறுவனத்தின் ஆண்டு வருவாயைப் பெருக்கி அதன் மதிப்பைக் கணிக்கிறார்கள். நஷ்டம் தரும் பிரிவு ஒன்று இருந்தால் அதையும் அதே மடங்கில் பெருக்கிக் கழிக்கிறார்கள். ஆகவே, உண்மையில் செல்வம் சேர்த்துக்கொண்டிருக்கும் ஓர் அணி, பங்கு விலையைக் கீழே இழுக்கும் சுமையாகத் தோற்றமளிக்கிறது. அதை விற்றால் பங்கு விலை ஏறும் என்று நிதி அதிகாரி சொல்லும்போது, அவர் சொல்வது அவருடைய அளவுகோலின்படி சரிதான். தவறு அளவுகோலில் இருக்கிறது.

அந்த அளவுகோலின் விலை என்ன என்பதை டாட்ஜர்ஸ் காட்டுகிறது. ஃபாக்ஸ் 2004-ல் அதை ஃபிராங்க் மெக்கோர்ட்டுக்கு 43 கோடி டாலருக்கு விற்றது; வாங்குவதற்கான பணத்தில் ஒரு பகுதியைத் தானே கடனாகவும் கொடுத்தது. அணி கைவிட்டுப் போனாலும், உள்ளூர் ஒளிபரப்பு உரிமை 2013 வரை ஃபாக்ஸிடமே இருந்தது. நஷ்டம் தரும் பாதியைத் தள்ளிவிட்டு இலாபம் தரும் பாதியை வைத்துக்கொண்டதால், அந்த நேரத்துக்கு அது கெட்டிக்கார வியாபாரமாகவே தெரிந்திருக்கும். மெக்கோர்ட் கடனில் மூழ்கினார். ஃபாக்ஸோடு அவர் செய்ய முனைந்த புதிய நீண்ட கால ஒளிபரப்பு ஒப்பந்தத்தை 2011 ஜூன் மாதம் பேஸ்பால் ஆணையர் நிராகரித்தார். சில நாட்களில் அணி திவால் பாதுகாப்பு கோரியது. 2012-ல் புதிய குழு ஒன்று அதை 200 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. எட்டே ஆண்டில் ஏறத்தாழ ஐந்து மடங்கு. அடுத்த ஆண்டே டைம் வார்னர் கேபிள் நிறுவனத்தோடு 25 ஆண்டுகளுக்கு 800 கோடி டாலரைத் தாண்டும் ஒளிபரப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்தச் சேனலை மற்ற விநியோகஸ்தர்கள் எடுத்துக்கொள்ள மறுத்ததால், லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்துக் குடும்பங்களில் பெரும்பாலானவை பல பருவங்களுக்குத் தங்கள் சொந்த அணியின் ஆட்டத்தை வீட்டில் பார்க்க முடியாமல் போனது. விற்பவர், வாங்குபவர், லீக், சேனல் ஆகிய நால்வரும் அமர்ந்த மேசையில் பார்வையாளருக்கு நாற்காலி போடப்படவில்லை.

டைம் வார்னரின் கதை இதைவிட வறட்சியானது. டர்னரின் நிறுவனத்தை 1996-ல் விழுங்கியபோது பிரேவ்ஸும் ஹாக்ஸும் கூடவே வந்தன. 1999-ல் த்ராஷர்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணியும் சேர்ந்தது. பிறகு ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்தோடு இணைப்பு, 2002-ல் கிட்டத்தட்ட 9,900 கோடி டாலர் நஷ்டம், கடன் சுமை. கடனைக் குறைக்க எதையெல்லாம் விற்கலாம் என்று தயாரான பட்டியலில் அணிகளும் ஏறின. 2004-ல் ஹாக்ஸ், த்ராஷர்ஸ் ஆகிய இரண்டும், விளையாட்டரங்கத்தை நடத்தும் உரிமையோடு சேர்த்து, 25 கோடி டாலருக்குப் போயின. வாங்கிய கூட்டாளிகள் தங்களுக்குள் வழக்காடிக்கொண்டிருந்த நிலையில் த்ராஷர்ஸ் 2011-ல் கனடாவின் வின்னிபெக் நகரத்துக்கே பெயர்ந்துவிட்டது. ஹாக்ஸ் மட்டும் 2015-ல் 73 கோடி டாலருக்கு மீண்டும் கைமாறியது.

பிரேவ்ஸின் விற்பனையில் ஒரு நுணுக்கம் உண்டு. அமெரிக்க வரிச் சட்டப்படி, ஒரு நிறுவனம் தன்னிடம் உள்ள மற்றொரு நிறுவனத்தின் பங்குகளைப் பணத்துக்கு விற்றால் இலாபத்துக்கு வரி கட்ட வேண்டும். ஆனால் அந்தப் பங்குகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு தொழிலையும் அதோடு ரொக்கத்தையும் சேர்த்துப் பெற்றால் வரியைத் தவிர்க்க வழி இருந்தது. 2007-ல் லிபர்ட்டி மீடியா நிறுவனம் தன்னிடம் இருந்த ஏறத்தாழ 6 கோடியே 85 லட்சம் டைம் வார்னர் பங்குகளைத் திருப்பிக் கொடுத்து, பிரேவ்ஸ் அணி, ஒரு கைவினை வெளியீட்டு நிறுவனம், 96 கோடி டாலர் ரொக்கம் ஆகியவற்றைப் பெற்றது. நூற்றாண்டைக் கடந்த பேஸ்பால் அணி ஒன்று, பின்னல் வேலைப் புத்தகங்களோடு ஒரே கட்டில், வரி விதி கேட்ட ‘இயங்கும் தொழில்’ என்ற இடத்தை நிரப்பப் பயன்பட்டது. சட்டம் அனுமதித்ததைத்தான் செய்தார்கள். இருந்தாலும், அந்த அணிக்காக வாழ்நாளெல்லாம் உட்கார்ந்து ஆட்டக் கணக்கு எழுதியவர்களை நினைக்கும்போது மனம் ஒப்பவில்லை.

சிகாகோ கப்ஸை 1981-ல் 2 கோடியே 5 லட்சம் டாலருக்கு வாங்கிய ட்ரிப்யூன் நிறுவனமும் இதே வழியில்தான் சென்றது. பத்திரிகையும் டபிள்யூஜிஎன் தொலைக்காட்சியும் அதன் கையில் இருந்தன. கப்ஸ் ஆட்டங்கள் அந்தத் தொலைக்காட்சியைத் தேசிய அளவுக்கு உயர்த்தின. 2008-ல் கடனால் திவாலான பிறகு, 2009-ல் ரிக்கெட்ஸ் குடும்பத்துக்கு, மைதானத்தையும் சேர்த்து, சுமார் 84 கோடியே 50 லட்சம் டாலர் மதிப்பில் விற்றது. அங்கும் வரியைத் தள்ளிப்போடும் வகையில்தான் விற்பனை வடிவமைக்கப்பட்டது.

தாய் நிறுவனத்தில் எங்கோ எரியும் தீ அணியைச் சுடும் என்பதற்கு இன்னும் பழைய சான்று நியூயார்க் காஸ்மாஸ் கால்பந்து அணி. வார்னர் கம்யூனிகேஷன்ஸ் அதன் உரிமையாளர். 1975-ல் பெலேயையும் 1977-ல் பெக்கன்பவரையும் கொண்டுவந்து, கால்பந்துக்குப் பழக்கப்படாத ஒரு நாட்டில் 77,691 பேரை ஒரே ஆட்டத்துக்கு வரவழைத்தார்கள். 1983-ல் அந்நிறுவனத்தின் அடாரி வீடியோ கேம் பிரிவு சரிந்து 50 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம் வந்தது. அடுத்த ஆண்டு காஸ்மாஸ் கைகழுவப்பட்டது. 1985-ல் அணியே இல்லை. அந்த லீகும் 1984 பருவத்தோடு முடிந்துபோயிருந்தது.

இதில் மற்றொரு சிக்கலும் உண்டு: உரிமை வாங்குபவரும் விற்பவரும் ஒருவரே ஆகிவிடுவது. அணியின் ஒளிபரப்பு உரிமையைத் தன் சொந்தச் சேனலுக்கே விற்கும் நிறுவனம் விலையைக் குறைத்துக் காட்டலாம். அப்போது அணியின் வருமானம் குறையும், லீகின் பொது நிதிக்கு அது செலுத்த வேண்டிய பங்கும் குறையும், இலாபம் சேனலில் சேரும். அமெரிக்க பேஸ்பால் லீக் இதனால்தான் இத்தகைய ஒப்பந்தங்களின் விலையைத் தானே ஆராய்ந்து மதிப்பிடும் முறையை வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் இதே கேள்வி அரசு வரை சென்றது. முர்டாக்கின் பிஸ்கைபி தொலைக்காட்சி நிறுவனம் 1998-ல் மான்செஸ்டர் யுனைடெட் அணியை 62 கோடியே 30 லட்சம் பவுண்டுக்கு வாங்க முன்வந்தது. பிரீமியர் லீகின் உரிமையை ஏலத்தில் கேட்கும் நிறுவனமே அந்த ஏலத்தை நடத்தும் அணிகளில் ஒன்றாகவும் அமர்ந்தால், மற்ற நிறுவனங்களுக்குப் போட்டியிட என்ன வாய்ப்பு இருக்கும் என்று, நிறுவன இணைப்புகளை ஆராயும் அந்நாட்டு ஆணையம் கேட்டது. ரசிகர்கள் சங்கமாகத் திரண்டு ஆணையத்தின் முன் தங்கள் வாதங்களை எழுதிக் கொடுத்தார்கள். 1999 ஏப்ரலில் அரசு அந்த விற்பனைக்குத் தடை விதித்தது. அதன்பின் ஒளிபரப்பு நிறுவனங்கள் பல அணிகளில் பத்து சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான பங்குகளோடு நின்றுகொண்டன. அமெரிக்கன் ஃபுட்பால் அணிகளின் என்எஃப்எல் லீக் இன்னும் கறாரானது. பொது மக்களின் பங்குகளைக் கொண்ட கிரீன் பே பேக்கர்ஸ் என்ற பழைய விதிவிலக்கு நீங்கலாக, ஒவ்வொரு அணிக்கும் முகம் தெரிந்த தனிமனித உரிமையாளர் ஒருவர் வேண்டும் என்பதே அதன் விதி. டிஸ்னி அங்கே நுழைந்திருக்கவே முடியாது.

ஃபிரான்சில் கனால் பிளஸ் தொலைக்காட்சி 1991 முதல் 2006 வரை பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்ன் அணியை வைத்திருந்தது. எம்6 தொலைக்காட்சி 1999 முதல் போர்தோ அணியை நடத்தி, 2018-ல் ஒரு முதலீட்டு நிதியின் ஆதரவு பெற்ற அமெரிக்கக் குழுவுக்கு விற்றது. அந்த நிதி 2021-ல் பின்வாங்கியது. ஆறு முறை ஃபிரெஞ்சுப் பட்டம் வென்ற போர்தோ 2024-ல் தொழில்முறைத் தகுதியையே இழந்து நான்காம் நிலைக்கு இறங்கியது. தொலைக்காட்சி நிறுவனம் விட்டுச் சென்ற இடத்தில் யார் வந்து அமர்கிறார் என்பது விலையைவிட முக்கியம் என்பதற்கு இதைவிடக் கசப்பான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

எதிர்த் திசையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு, அது ஜப்பானில். யோகோஹாமா பேஸ்பால் அணியின் பரம்பரையில் ஷோச்சிக்கு என்ற திரைப்பட நிறுவனத்தின் அணி 1953-ல் இணைந்தது. நெடுங்காலம் ஒரு மீன்பிடி நிறுவனம் அதை நடத்தியது. 2002-ல் டிபிஎஸ் தொலைக்காட்சி வாங்கியது. அதன் காலத்தில் அணி பெரும்பாலும் கடைசி இடத்திலேயே கிடந்தது. 2011 இறுதியில் டிஎன்ஏ என்ற கைப்பேசி விளையாட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. டிஎன்ஏவும் பொழுதுபோக்கு நிறுவனம்தான், பட்டியலிட்ட நிறுவனமும்கூட. ஆனால் அதற்கு ஊட்ட வேண்டிய தொலைக்காட்சி எதுவும் இல்லை. ஆகவே மைதானத்துக்கு வருபவர்களையே தன் வருமானமாகப் பார்த்தது. 2016-ல் மைதானத்தை நடத்தும் நிறுவனத்தையும் வாங்கியது. பருவத்துக்குப் பதினோரு லட்சமாக இருந்த பார்வையாளர் எண்ணிக்கை 2018-ல் இருபது லட்சத்தைத் தாண்டியது. 2024-ல், 26 ஆண்டுகளுக்குப் பின், அணி ஜப்பான் பட்டத்தை வென்றது. பொழுதுபோக்கு நிறுவனம் என்பதே குறை என்று நான் சொல்லாததற்கு இந்த அணிதான் காரணம்.

ஐபிஎல்லில் இந்தக் கணக்கின் பாதி அடிப்படையிலேயே இல்லை. அங்கே ஒளிபரப்பு உரிமையை அணிகள் தனித்தனியே விற்பதில்லை. கிரிக்கெட் வாரியம் மொத்தமாக ஏலம் விட்டுப் பகிர்ந்து கொடுக்கிறது. டெக்கான் சார்ஜர்ஸ் அணி 2012-ல் நீக்கப்பட்ட பிறகு, ஹைதராபாத்துக்கான அணியை ஆண்டுக்கு 85 கோடியே 5 லட்சம் ரூபாய் என்று ஏலத்தில் எடுத்தது சன் டிவி நெட்வொர்க். தான் வைத்திருக்கும் அணியின் ஆட்டத்தைத் தன் சேனலில் காட்டும் உரிமை அதற்கு இல்லை. ஆனால் பொது நிதியிலிருந்து நிச்சயமான பங்கு வருகிறது. நஷ்டத்தைக் காலாண்டுதோறும் விளக்க வேண்டிய நெருக்கடி இல்லாததால், இங்கே விற்கும் அவசரமும் எழவில்லை. தென் ஆப்பிரிக்காவிலும் இங்கிலாந்திலும் மேலும் அணிகளை வாங்கும் துணிவே வந்திருக்கிறது. கவலைக்குரிய இடம் வேறு. 2023 முதல் 2027 வரையிலான உரிமைக்கு 48,390 கோடி ரூபாய் கிடைத்ததற்கு டிஸ்னி ஸ்டாரும் ரிலையன்ஸ் சார்ந்த வயாகாம்18-ம் எதிரெதிரே நின்று ஏலம் கேட்டது முக்கியக் காரணம். 2024 நவம்பரில் அவை ஒன்றாகிவிட்டன. மும்பை இந்தியன்ஸ் அணியும் ரிலையன்ஸுடையதுதான். 1999-ல் இங்கிலாந்து ஆணையம் எழுப்பிய கேள்வி அடுத்த ஏலத்தின்போது இங்கும் எழுப்பப்பட வேண்டும்.

இன்னும் அணிகளை வைத்திருக்கும் நிறுவனங்கள் கணக்குப் புத்தகச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கின்றன: அணியைத் தாய் நிறுவனத்திலிருந்து பிரித்துத் தனிப் பங்காகச் சந்தையில் விடுவது. நியூயார்க்கின் நிக்ஸ், ரேஞ்சர்ஸ் அணிகள் அப்படித் தனி நிறுவனமாக உள்ளன. லிபர்ட்டி மீடியா 2016-ல் பிரேவ்ஸுக்கென்று தனிப் பங்கு வெளியிட்டு, 2023 ஜூலையில் அதை முழுமையாகப் பிரித்துவிட்டது. அணியின் மதிப்பு ஏறினால் அது அந்தப் பங்கின் விலையில் அன்றாடம் தெரியும். கேபிள் இணைப்புகள் குறைந்ததால் தாய் நிறுவனத்துக்கு வந்த நஷ்டத்துக்காக அணியை விற்க வேண்டியதில்லை. ரசிகர்களுக்கும் இதில் ஒரு நன்மை உண்டு. அணியின் வரவு செலவு முழுவதும் பொதுவில் வருவதால், நுழைவுச்சீட்டு விலையை உயர்த்தும்போது நிர்வாகம் சொல்லும் காரணத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

கனடாவின் ராஜர்ஸ் இன்னும் பழைய முறையிலேயே இருக்கிறது. 2000-ல் டொராண்டோ ப்ளூ ஜேஸை வாங்கிய அந்தத் தொலைத்தொடர்பு நிறுவனம், ஆட்டம் நடக்கும் அரங்கத்தையும் அதைக் காட்டும் சேனலையும் வைத்திருக்கிறது. மேப்பிள் லீஃப்ஸ், ராப்டர்ஸ் அணிகளைக் கொண்ட கூட்டு நிறுவனத்தில் பெல் நிறுவனத்தின் பங்கையும் 470 கோடி கனடிய டாலருக்கு 2025-ல் வாங்கி முடித்தது. அதே ஆண்டின் வேர்ல்ட் சீரிஸில், ராஜர்ஸின் அணி ராஜர்ஸின் அரங்கத்தில் ஏழாவது ஆட்டத்தின் பதினொன்றாவது இன்னிங்ஸ் வரை டாட்ஜர்ஸோடு மோதித் தோற்றது. ஃபாக்ஸ் கைகழுவிய அதே டாட்ஜர்ஸ், மிகப் பெரிய ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் பணத்தோடு அங்கே நின்றது. ராஜர்ஸின் கடன் பெரியது. விளையாட்டுச் சொத்துகளின் மதிப்பு பங்கு விலையில் பிரதிபலிக்கவில்லை என்ற பேச்சும் முதலீட்டாளர்களிடையே தொடங்கிவிட்டது. டிஸ்னியும் டைம் வார்னரும் விற்கத் தீர்மானித்ததற்கு முன் கேட்ட பேச்சும் அதுதான்.